இடப்பக்கம் மட்டும் திரும்பும் கார்

சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனில் இருக்கும் ஒரு வீட்டிலிருந்து ஒரே வாரத்தில் எனக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. முதலில் மலர்.

"ராஜியக்கா, நீங்கள் ஒருக்கா கட்டாயம் வரவேணும். இந்த மனுசன் ரேஸ் கார் ஓடப் போறாராம். நான் சொன்னால் கேக்கிறாரில்லை. நீங்கள் ரேஸ் எல்லாம் பாத்த ஆள். வந்து மறிச்சுப்போட்டுப் போங்கோ."

அடுத்து அவள் கணவர் நேசன். "அக்கா, ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன். நான் கார் ஓடப் போறன். மலர் விடமாட்டன் எண்டு நிக்கிறா. உங்களுக்குத்தான் ரேஸ் விளங்கும். நீங்கள் சொன்னால் கேப்பா."

பேச்சை முடிக்கும்போது இருவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "நான் கதைச்சது அங்கை தெரியவேண்டாம்."

இரண்டு கட்சிக்கும் ஒரே வக்கீல். கோயம்புத்தூர் கோர்ட்டில் இப்படி ஒருவர் செய்தால் கறுப்புக் கோட்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நான் மிகுந்த சந்தோஷத்துடன் பெட்டி கட்டினேன். சுவிட்சர்லாந்தை இலவசச் சாப்பாட்டோடு பார்க்க இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது.

மலர் யாழ்ப்பாணத்திலிருந்து கெட்ட காலத்தில் தன் அம்மாவோடு வந்து, எங்கள் பீளமேட்டு வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தவள். எனக்கு அப்போது கல்யாணமான புதிது. பிறகு அவள் சுவிஸ் போய்விட்டாள், ஆனால் அக்கா என்ற உறவை விடவில்லை. என்னை ரேஸ் பார்த்த ஆள் என்று அவள் சொல்வதற்கும் காரணம் உண்டு. என் அண்ணன் சோழவரத்தில் கார் ஓட்டியவன். பழைய விமான ஓடுதளத்தில் நடந்த அந்தப் பந்தயங்களில் ஆண்கள் ஓட்டினார்கள், வீட்டுப் பெண்கள் சுற்று எண்ணினோம். ஒரு கையில் ஸ்டாப்வாட்ச், இன்னொரு கையில் பென்சில், தலையில் ஈரத்துண்டு. தூசிக்குள்ளிருந்து வரும் காரின் எண்ணைப் படித்து, அது எத்தனையாவது சுற்று என்று தப்பில்லாமல் சொல்லவேண்டும். இப்போது அந்த வேலையைக் காரில் ஒட்டிய தீப்பெட்டி அளவுள்ள ஒரு கருவி செய்கிறதாம். அது தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகாது.

புதன்கிழமை மாலை போய்ச் சேர்ந்தேன். ரெயில் நிலையத்துக்கு இருவருமே வந்திருந்தார்கள். நேசன் வண்டி ஓட்ட, நான் முன்னால், மலர் பின்னால். அவர் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் பின்னாலிருந்து என் தோளைக் கிள்ளினாள். நடுவில் நான் மலைகளைப் பார்த்து "அழகு, அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ரைன் அருவி அவர்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த ஒரு வாரமும் "நாளைக்குக் கூட்டிக்கொண்டு போறம்" என்றார்கள். கடைசிவரை அதன் சத்தத்தைக்கூடக் கேட்கவில்லை.

இரவுக்குக் குரக்கன் என்னும் கேழ்வரகில் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. நான் கோயம்புத்தூர்க்காரி என்பதால் எனக்கென்று தனியாகக் கொஞ்சம் காரம் குறைத்திருந்தாள். அந்தக் குறைந்த காரத்துக்கே எனக்கு மூக்கில் நீர் வந்தது. மலர் கல்யாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் சமைத்துக் கொடுக்கிறாள். அதற்கென்று ஒரு வெள்ளை வான் வைத்திருக்கிறாள். வாசலில் நின்ற அதன்மேல் நான் சும்மா கைவைத்தபோது, பேச்சை நிறுத்தாமலே துணியால் என் விரல்தடத்தைத் துடைத்தாள்.

வியாழன் காலை நேசன் என்னைத் தன் கராஜுக்குக் கூட்டிப்போனார். நாம் பட்டறை என்போம். ஆனால் அந்த இடத்தைப் பட்டறை என்று சொல்ல வாய் வராது. தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். எங்கள் ஊர் லேத் பட்டறைகளில் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்காமல் நடப்பதே ஒரு வித்தை. இங்கே ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சுவரில் அதன் நிழல் வரையப்பட்டிருந்தது. எடுத்ததை வைக்காவிட்டால் அந்த நிழல் நம்மை முறைக்கும்.

அங்கே வால்டர் இருந்தார். கராஜின் பழைய முதலாளி, எண்பதை நெருங்குகிறவர். அகதியாக வந்து ஓட்டலில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த நேசனை வேலைக்குச் சேர்த்து, கடைசியில் கராஜையே அவரிடம் விட்டவர். என் கையைக் குலுக்கிவிட்டு, இரண்டு கார்களின்மேலும் கிடந்த துணிகளை ஒரே நேரத்தில் இழுத்தார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் காட்டுகிற பெருமை அவர் முகத்தில்.

இரண்டும் ஸ்பிரிண்ட் கார்கள். குட்டையான உடம்பில் தகுதிக்கு மீறிய எஞ்சினைத் திணித்து, மண் பாதையில் முட்டை வடிவில் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கென்றே அமெரிக்கர்கள் செய்த வண்டி. முதலாவது வால்டரின் இளமைக்காலத்தது. நீளமான மூக்கு, ஒல்லிச் சக்கரங்கள், ஓட்டுகிறவர் இடுப்புக்குமேல் வெளியே தெரிய உட்காரும் திறந்த இருக்கை. தலைக்குமேல் ஒன்றுமில்லை. இரண்டாவது இந்தக் காலத்தது. இரும்புக் குழாய்க் கூண்டு, அதன் தலைமேல் ஒரு கட்டில் அளவுக்கு அலுமினிய இறக்கை, பின்னால் அகலமான சக்கரங்கள். முன்னது பார்க்க அழகு. பின்னது, பரணைத் தலையில் சுமந்துகொண்டு நிற்பதுபோல் இருந்தது.

"அந்தக் காலத்தில் கூண்டு போட்டவனைக் கோழை என்பார்கள்" என்றார் வால்டர். அவருடைய சுவிஸ் ஜெர்மனை நேசன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். "பெல்ட் கட்டுவதையே சிலர் விரும்பவில்லை. கவிழ்ந்தால் வெளியே தூக்கி எறியப்படுவது நல்லது என்று நம்பினார்கள். முதலில் தலைக்குப் பின்னால் ஒரு வளைவுக் குழாய் வந்தது. பிறகு முழுக் கூண்டு. பிறகு இந்த இறக்கை. எல்லோரும் சிரித்தோம். காரை மண்ணோடு அழுத்திப் பிடிக்கத்தான் வைத்தார்கள். ஆனால் கவிழும்போது முதலில் நசுங்கி அடியைத் தானே வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை."

இப்போது இருக்கை விலாவைச் சுற்றிப் பிடிக்கிறது. தலைக்கவசத்தைத் தோளோடு கட்டுகிறார்கள். முன்பு பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய சாமான்களை வைத்தே ஒருவன் கார் கட்டிவிடுவான், இப்போது எல்லாம் பெட்டியில் வந்து இறங்குகிறது. "அப்போது ஓட்டுகிறவனின் முகம் தெரியும். பல்லைக் கடிப்பது தெரியும். இப்போது வெறும் வேகம்தான் தெரிகிறது" என்றார் வால்டர். பழைய காரின் மூக்கைத் தடவி, "ஆனால் அப்போது ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கிய சிலரைத் திங்கட்கிழமை பார்க்க முடியாது. இப்போது பார்க்கிறோம்" என்றார்.

எனக்குச் சோழவரம் நினைவு வந்தது. அங்கேயும் வைக்கோல் கட்டுதான் சுவர், கயிறுதான் வேலி. அண்ணன் ஒருமுறை சக்கரம் கழன்று வயலுக்குள் போனான். நான் சுற்று எண்ணுவதை நிறுத்தவில்லை, ஆனால் அன்று எழுதிய எண்களை என்னாலேயே படிக்க முடியவில்லை. அவன் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான். எல்லோருடைய அண்ணனும் அப்படி வரவில்லை.

இத்தனை மாறியும் மாறாத விஷயங்கள் இரண்டு என்றார் நேசன். ஒன்று, இந்தக் காருக்குச் சாவி கிடையாது. கிளட்ச்சும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. பின்னாலிருந்து இன்னொரு வண்டி முட்டித் தள்ளவேண்டும். கொஞ்ச தூரம் உருண்டதும் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். நடுவழியில் நின்றால், எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் யாராவது வந்து தள்ளும்வரை கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவேண்டியதுதான். இரண்டாவது, இது இடப்பக்கம் மட்டுமே திரும்பும். பின்பக்க வலது சக்கரம் இடதைவிடப் பெரியது. நேராக விட்டாலும் இடப்பக்கமே ஒடிந்துகொண்டு போகும்.

"நானும் வால்டரும் எல்லை தாண்டி எத்தினை திடலுக்குப் போயிருப்பம்" என்றார் நேசன். "எல்லா இடமும் நான்தான் பின்னாலை நிண்டு தள்ளுற ஆள். ஆர் ஆரையோ எல்லாம் தள்ளிவிட்டிருக்கிறன். ஒருக்கா, ஒரே ஒருக்கா, நான் உள்ளை இருக்க வேறை ஆரும் என்னைத் தள்ளவேணும் அக்கா. அதுக்குமேலை ஒண்டும் வேண்டாம்."

இந்த நாட்டில் கார்கள் ஒன்றோடொன்று போட்டி போட்டுச் சுற்றுவதற்குப் பல பத்தாண்டுகளாகத் தடை இருந்தது. பந்தயத் திடல்களே இங்கே வளரவில்லை, அதனால் ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது பந்தயம் அல்ல. பக்கத்து ஊரில் பழைய வாகனங்களின் கூடல். அங்கே குதிரைவண்டிகள் ஓடும் மணல் வட்டத்தில் நேசன் தனியாகச் சில சுற்றுகள் ஓட்டிக் காட்டுவார். பழைய கார் காட்சிக்கு மட்டும். கூண்டுக் கார்தான் ஓடும் என்று கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. நான் கூண்டின் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்தேன். நல்ல வெல்டிங். பேசாமல் நேசன் கட்சிக்குத் தாவிவிடலாமா என்று யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை மலரின் முறை. பேர்ண் கோயிலுக்குப் போனோம். இல்லை, மலர் போனாள், நான் பின்னால் போய்ச் சேர்ந்தேன். சூரிச்சில் வண்டி மாறவேண்டும். எதிர்ப்பட்ட கடையில் உப்பு தூவிய முறுக்கு ஒன்று முழங்கை அளவில் தொங்கியது. அதை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மலர் இரண்டு கையாலும் ஏதேதோ சொல்ல, வண்டி அவளை அப்படியே கொண்டுபோய்விட்டது. நம் ஊரில் என்றால் பெட்டியில் இருக்கும் பத்துப் பேர் கத்துவார்கள், ஒருவர் சங்கிலியை இழுப்பார், ஒருவர் என் கையைப் பிடித்துத் தூக்கிப்போட்டுவிட்டு எந்த ஊர் என்று கேட்பார். இங்கே நடைமேடையில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் கடிகாரத்தைக் காட்டி, "அடுத்தது அரை மணியில்" என்றார். அவர் குரலில் இரக்கமும் இருந்தது, நியாயமும் இருந்தது. அடுத்த வண்டியில் ஏறி நல்ல மெத்தையாகப் பார்த்து உட்கார்ந்தேன். அது முதல் வகுப்பாம். என் எதிரில் இருந்த நாய்க்கு அந்த வகுப்புக்கே டிக்கெட் இருந்தது. நான் எழுந்து போனேன். நாய் என்னைப் பார்க்காததுபோல் வெளியே பார்த்தது.

பேர்ணில் கோயில் ஒரு பெரிய கட்டடத்துக்குள் இருக்கிறது. பல மதத்தார் ஒரே கூரையின்கீழ் ஆளுக்கொரு பக்கம் வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றி உள்ளே போனதும் சாம்பிராணியும் தமிழும் மணியும் சேர்ந்து சுவிட்சர்லாந்தைத் துடைத்துப் போட்டுவிட்டன. மலர் முகத்தில் இன்னும் ரெயில் பதற்றம் தீரவில்லை. பிரகாரத்தில் இரண்டாவது சுற்றில் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, நாங்கள் எந்தப் பக்கத்தாலை சுத்துறம்?"

"வலமாத்தான். வேற எப்படிச் சுத்துவாங்க?"

"அந்தக் கார் எந்தப் பக்கத்தாலை சுத்தும்?"

எனக்குச் சட்டென்று புரிந்தது. நான் கூண்டைப் பார்த்தேன், பெல்ட்டைப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை.

"அப்பா செத்ததுக்கு எனக்குப் போகேலாமல் போட்டுது" என்றாள் மலர். "அப்ப எங்களுக்கு விசாவும் இல்லை, ஒண்டும் இல்லை. செத்தவீட்டை வீடியோ எடுத்து கசற் அனுப்பினவை. இஞ்சை ஒரு அறையிலை தனிய இருந்து பாத்தனான். தம்பி கொள்ளிக்குடத்தைத் தோளிலை வைச்சுக்கொண்டு இடப்பக்கமாச் சுத்தி வாறான். திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தனான் அக்கா. எனக்கு அப்பான்ரை முகம் நினைவிலை இல்லை. அந்தச் சுத்துத்தான் நினைவிலை கிடக்கு. இப்ப இவர் அதே பக்கத்தாலை சுத்தப் போறார். நான் நிண்டு கைதட்டவேணுமாம்."

"இதை அவர்கிட்டச் சொன்னியா?"

"இதைச் சொல்லலாமோ? விசர், பைத்தியம் எண்டு சொல்லமாட்டார். அதுதான் கரைச்சல். ஓடாமல் விட்டிடுவார். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த முகத்தை நான் பாக்கவேணும்."

அவர் ஓட வேண்டும், அவள் தாங்க வேண்டும். வழக்கு இவ்வளவுதான். எனக்கு அழுகையும் வந்தது, கூடவே என் மூளைக்குக் கொழுப்பும் வந்தது. "வலமா ஓட்டினா?" என்றேன்.

மலர் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அப்பிடி ஓடேலுமோ?" என்றாள்.

"ஓட வெச்சுடலாம் கண்ணு. கோயம்புத்தூர்க்காரிகிட்டக் கேக்கற கேள்வியா இது?" இப்படி வாயை விட்டுவிட்டு, அவளோடு மூன்றாவது சுற்றை முடித்தேன்.

அன்று மாலை நேசனிடம் கசற்றைப் பற்றி நான்தான் சொன்னேன். மலர் சமையலறையில் பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டார். வலமாக ஓட்டலாம் என்ற என் யோசனையைச் சொன்னதும் நிமிர்ந்தார். விரலால் மேசையில் ஒரு வட்டம் போட்டார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒரு வட்டம். "எல்லாத்தையும் இடம் மாத்தவேணும்" என்றார். கோபமில்லை. கண்ணில் ஒரு ஆசை வந்துவிட்டது. வேலைக்காரனுக்குப் புதுச் சிக்கலைவிட நல்ல பலகாரம் கிடையாது.

வால்டருக்குத் தொலைபேசியில் சொன்னார்.  அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது, இருமல் வரும்வரை. "அப்படி ஓடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லையாம்" என்றார் நேசன். "ஆருக்கும் அப்பிடி ஒரு எண்ணமே வராதபடியால் விதி எழுதேல்லையாம்."

சனிக்கிழமை முழுவதும் கராஜில் கழிந்தது. பெரிய சக்கரம் இடப்பக்கம் போனது. அதற்கு இடம் விட, அச்சில் இருந்த வளையங்கள் வலப்பக்கம் போயின. அடியில் சுருள்வில்லுக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பிகளை இடம் மாற்றினார்கள். இறக்கையின் பக்கத் தகடுகளைக் கழற்றித் திருப்பிப் பூட்டினார்கள். நான் நட்டு எடுத்துக் கொடுத்தேன், தேநீர் போட்டேன், பிரேக்கை இரண்டு முறை பார்க்கச் சொல்லி அதிகாரம் செய்தேன். மத்தியானம் வால்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எங்களையும் வைக்கச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் கேட்கக்கூடாதாம். பீளமேட்டில் இந்தச் சட்டம் வந்தால் ஊரே வேலையில்லாமல் போகும். சுவரில் எல்லா ஸ்பேனரும் அதனதன் நிழலுக்குத் திரும்பியபோது, எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்று மூவருமே நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். மணல் வட்டத்தைச் சுற்றிப் பழைய கார்களும், அவற்றைவிடப் பழைய மனிதர்களும், வெள்ளை வேட்டி நிறத்தில் வாட்டிய இறைச்சிக் குழல்களும். வாசலோரம் மலரின் வான் நின்றது. பின்கதவைத் திறந்துவைத்து, தட்டுத் தட்டாக ரோல்ஸ் விற்றாள். உருளைக்கிழங்கு மசாலாவை மெல்லிய ரொட்டியில் சுருட்டி, தூள் புரட்டிப் பொரித்தது. ஒரு சுவிஸ்காரர் ஒன்றைக் கடித்துவிட்டு முகம் சிவந்து நின்றார். "தண்ணீர் வேண்டுமா?" என்று கேட்டதற்கு, "இன்னொன்று வேண்டும்" என்றார்.

வால்டரின் பழைய கார் கயிற்றுக்குள் நின்றது. அதன் திறந்த இருக்கையை எட்டிப் பார்த்த ஒரு பெண் தன் கணவனிடம், "இதில் உட்கார்ந்தவனுக்கு அம்மா இருந்திருக்கமாட்டாள்" என்றாளாம்.

மத்தியான அமைதி முடிந்ததும் நேசன் கூண்டுக்குள் இறங்கினார். மலர் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தாள், சூடம் காட்டினாள். எரிபொருள் உள்ள காருக்குப் பக்கத்தில் நெருப்பா என்று ஒரு காவலர் ஓடிவந்தார். வால்டர் அவர் தோளில் கைபோட்டு எங்கோ கூட்டிப்போய்விட்டார். நான் மலரைத் திட்டினேன். காவலர் சொன்னதுதான் சரி. சூடத்தை அணைத்துவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. மலர் கேட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். "என்ன சொல்றாங்க?" என்றேன். "இந்த வகைக் கார் எப்பவும் இடப்பக்கமாத்தான் சுத்துமாம். இண்டைக்குக் குடும்பக் காரணங்களுக்காக வலப்பக்கமாச் சுத்துமாம்."

வால்டர் தன் பிக்கப் வண்டியால் பின்னாலிருந்து முட்டித் தள்ளினார். நாலு எலுமிச்சையும் நசுங்கின. கார் ஊமையாகக் கொஞ்ச தூரம் உருண்டது. பிறகு எஞ்சின் பிடித்தது. என் நெஞ்சுக்கூடே அதிர்ந்தது. பின்பக்கத்தைத் தூக்கி எறிந்துகொண்டு, மணலை வேலிக்கு மேலே வாரி இறைத்துக்கொண்டு, நேசன் வலமாகப் போனார். வளைவுகளில் கார் ஒருபக்கம் பார்த்தது, இன்னொரு பக்கம் போனது. அது அப்படித்தான் போகவேண்டும். மலர் கண்ணை மூடியிருந்தாள். இரண்டாவது சுற்றில் ஒரு கண்ணைத் திறந்தாள். மூன்றாவது சுற்றில் கூண்டுக்குள்ளிருந்து ஒரு கை எங்களைப் பார்த்து ஆடியது. "கையை உள்ளை வையுங்கோ!" என்று கத்தினாள். கத்தும்போது சிரித்தாள். நான் பழைய வழக்கத்தில் விரல் மடக்கிச் சுற்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆறாவது விரலை மடக்கப் போனேன். கடைசி வளைவில், குதிரைக் கொட்டிலுக்கு அந்தப் பக்கம், எஞ்சின் இருமியது. மறுபடி இருமியது. பிறகு சத்தமே இல்லை. தூசி மட்டும் எழுந்து நின்றது. கார் வரவில்லை.

சோழவரத்தில் கேட்ட அதே அமைதி.  வால்டரைத் தேடினேன். அவர் வண்டிக்குமுன் தண்ணீர் தெளிக்கும் டிராக்டர் குறுக்கே நின்றது, ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். திரும்பினால் பக்கத்தில் மலர் இல்லை.

வெள்ளை வான் உறுமியது. பின்கதவைக்கூட மூடவில்லை. கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்குள் பாய்ந்தது. காவலர்கள் விசில் ஊதினார்கள். வலமாகப் போனால் முழு வட்டத்தையும் சுற்றித்தான் அந்த வளைவுக்குப் போகவேண்டும். இடமாகப் போனால் பக்கம். மலர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இடப்பக்கம் ஒடித்து, ரோல்ஸ் தட்டுகள் மணலில் சிதற, அந்தத் தூசிக்குள் போய் மறைந்தாள்.

நான் வேலியோரமாக ஓடினேன். எனக்கு ஓட்டம் எங்கே வரும், உருண்டேன் என்று சொல்லலாம். கொட்டிலைத் தாண்டியதும் தெரிந்தது. கார் நாலு சக்கரத்திலும் ஒழுங்காக நின்றது. நேசன் உள்ளே உட்கார்ந்து, யாராவது வந்து தள்ளுங்கள் என்று கையைச் சுழற்றிக்கொண்டிருந்தார். மலர் வானிலிருந்து குதித்து ஓடி, கூண்டுக் கம்பிகளுக்குள் கையை விட்டு அவர் தலைக்கவசத்தில் ஓங்கி அடித்தாள். பிறகு அந்தக் கையை எடுக்கவில்லை. அவர் கழுத்தையும் தோளையும் தடவி, எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள்.

"ஒண்டுமில்லை மலர். எஞ்சின் நிண்டுபோட்டுது. அவ்வளவுதான். ஆரும் தள்ளினால் போதும்."

அவள் அவரையும் வானையும் மாறி மாறிப் பார்த்தாள். விரல்தடம் படாத அந்த வானை மெதுவாகச் சுற்றிக் கொண்டுவந்து, காருக்குப் பின்னால் நிறுத்தி, முட்டினாள். முன்பக்கப் பிளாஸ்டிக் படாரென்று வெடித்தது. அவள் நிறுத்தவில்லை. தள்ளினாள். கார் உருண்டது, பிடித்தது, முழங்கியது. கூட்டம் கைதட்டியது எனக்குத் தூரத்தில் கேட்டது. நேசன் நிறுத்தாமல், வேகமில்லாமல், இன்னும் ஒரு முழுச் சுற்றுப் போனார். உடைந்த மூக்கோடு வான் அவருக்குப் பின்னாலேயே போனது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தச் சுற்றை நான் எண்ணவில்லை.

பிறகு காருக்கு அடியில் படுத்துப் பார்த்த நேசன், படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தார். எரிபொருள் தொட்டியில் உறிஞ்சும் வாய் வலது மூலையில் இருந்தது. இடப்பக்கம் திரும்பும் காருக்கு எரிபொருள் வலப்பக்கம் ஒதுங்கும், அதனால் அங்கே வைத்திருக்கிறார்கள். நாங்கள் காரை வலமாகத் திருப்பினோம். தொட்டியில் அளவு குறைந்ததும் எரிபொருள் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. வாய் காற்றைக் குடித்தது. சனிக்கிழமை முழுக்க மூன்று மேதைகள் எல்லாவற்றையும் மாற்றினோம், அதைத் தவிர. வால்டர் தொப்பியைக் கழற்றித் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

காரை வால்டர் கொண்டுபோனார். நாங்கள் மூவரும் வானில் திரும்பினோம். மலர் ஓட்டினாள், நான் பக்கத்தில், நேசன் பின்னால் காலித் தட்டுகளுக்கு நடுவே. சோளக்கொல்லைகள் போயின, ஒரு தேவாலயம் போனது. 

"அக்கா" என்றாள் மலர். "நான் எந்தப் பக்கத்தாலை போனனான்?"

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். "கிட்ட இருந்த பக்கமாப் போனே கண்ணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஒரு சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தும் கொஞ்சநேரம் எடுக்கவில்லை, பின்னால் வந்தவர் ஹாரன் அடிக்கவும் இல்லை.

"இஞ்சாருங்கோ" என்றாள், திரும்பாமலே. "நாளைக்கு அந்தக் காரின்ரை ரயருகளைப் பழையபடி மாத்திவிடுங்கோ."

 நான் திரும்பிப் பார்த்தேன். நேசன் தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு, மணல் ஒட்டிய ரோல்ஸ் ஒன்றைக் கையில் பிடித்தபடி, அழுதுகொண்டிருந்தார்.

"அது தன்ரை பக்கத்தாலை ஓடட்டும்" என்றாள் மலர். "ஆனால் தள்ளுறது நான்தான். வேறை ஒருத்தரும் கை வைக்கக்கூடாது."